எழுபத்திரண்டு வாட் சூடு

பெயர்: அடையாள அட்டையில் கண்டபடி. தெருவில் விசாரித்தால் ‘மீட்டர் அக்கா’ என்றால்தான் ஆள் காட்டுவார்கள். வயது நாற்பத்து நான்கு. பேருந்து நிலையத்தின் பின்தெருவில், மின்சாதனம் பழுதுபார்க்கும் கடையின் மாடியில் குடியிருக்கிறேன். கடையை என் கணவரும் நானும் சேர்ந்து நடத்துகிறோம். வயரிங் அவர் வேலை. அளந்து பார்த்துக் கோளாறு கண்டுபிடிப்பது என் வேலை.

தீப்பிடித்த தையல் கூடத்தில் இஸ்திரி போடும் பெண் எனக்கு ஓரகத்தி, அதாவது என் கொழுந்தனின் மனைவி. எங்களுக்குள் நான்கு வருடமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. அதன் காரணத்தைச் சொல்ல ஆரம்பித்தேன்; வழக்குக்கு அது வேண்டாம் என்று இன்ஸ்பெக்டர் ஐயா சொன்னதால் எழுதப்படவில்லை.

இந்த மாதம் மூன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி சுமாருக்குக் கூடத்தின் முதலாளி போன் செய்து, இஸ்திரிப் பெட்டி சூடாகவில்லை என்று அவள் தினமும் நச்சரிப்பதாகச் சொல்லி என்னைக் கூப்பிட்டார். நான் போனபோது அவள் மேசையருகே நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் இரண்டடி விலகிக்கொண்டாள். முதலாளி, "இந்தம்மா வேலைக்குச் சுணங்கிட்டு பெட்டி மேல பழியப் போடுது, பாருங்க" என்றார்.

அதன் பிறகு பெட்டி சூடாகிக்கொண்டிருக்கும்போதே அளந்தேன். பிளக்கில் 212 வோல்ட், ஒயரில் நான்கு ஆம்பியர். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் மின்தடை கிடைக்கும். ஐம்பத்து மூன்று ஓம் வந்தது. ஆயிரம் வாட் பெட்டிக்கு அதுதான் சரியான அளவு, ஆகவே பெட்டியில் குறை இல்லை. வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட். ஆயிரம் வர வேண்டிய இடத்தில் 848 தான் வந்தது. சூடு போதவில்லை என்று அவள் சொன்னது நிஜம்.

அதன் பிறகு மெயின் போர்டில் அளந்தேன். அங்கே 230 இருந்தது. வழியில் பதினெட்டு வோல்ட் காணாமல் போயிருக்கிறது. அதை அதே நான்கு ஆம்பியரால் வகுக்க நாலரை ஓம். அந்த நீளத்துக்கு நல்ல ஒயரில் கால் ஓம்கூட இருக்கக் கூடாது. பதினெட்டை நான்கால் பெருக்க எழுபத்திரண்டு வாட். ஒரு குண்டு பல்பின் சூடு, வெளியே தெரியாமல் எங்கோ ஓரிடத்தில் அடைந்து கிடக்கிறது என்று அர்த்தம்.

ஸ்டூல் போட்டு ஏறி, துணி அலமாரிக்கு மேலே சுவரில் இருந்த, ஒயர்களை இணைக்கும் ஜங்ஷன் பாக்ஸைத் தொட்டேன். சூடு தாங்காமல் வெடுக்கென்று கையை எடுத்துவிட்டேன். மெயினை அணைத்துவிட்டுத் திறந்தேன். உள்ளே அலுமினிய ஒயரையும் செம்பு ஒயரையும் வெறுமனே சேர்த்து முறுக்கி டேப் சுற்றியிருந்தது. இரண்டையும் அப்படி நேரடியாகச் சேர்த்தால் நாளடைவில் இணைப்பு கெட்டுச் சூடேறும். டேப்பின் நுனி சின்னக் காது போல மடிக்கப்பட்டிருந்தது. அப்படி மடிப்பவர் எனக்குத் தெரிந்து என் கணவர் ஒருவர்தான். இரண்டு வருடத்துக்கு முன் அங்கே வயரிங் செய்தவரும் அவரே.

முதலாளியிடம், லைனை மாற்ற அரை நாள் கரண்ட் நிறுத்த வேண்டும் என்றேன். "ஞாயித்துக்கிழமை வாங்க. இன்னிக்கு சரக்கு ஏத்தியாகணும்" என்றார். லைனைத் துண்டித்துவிட்டுத்தான் நான் கிளம்பியிருக்க வேண்டும். துண்டித்தால் காரணம் சொல்ல வேண்டும். அதுவும் அவள் முன்னால் சொல்ல வேண்டும். ஆகவே முறுக்கை இறுக்கி, புது டேப் சுற்றி மூடினேன். அதன் பிறகு பிளக்கில் 227 காட்டியது. அது நிலைக்காது என்று எனக்குத் தெரியும். எல்லா அளவுகளையும் நோட்டில் குறித்துக்கொண்டேன். நான் படியிறங்கும்போது, "என்னதான் கோளாறாம்?" என்று அவள் சுவரைப் பார்த்துக் கேட்டாள். காதில் விழாதது போல வந்துவிட்டேன்.

ஏழாம் தேதி சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்குத் தீப்பிடித்தது. நான் அங்கே இல்லை. பியூஸ் ஏன் போகவில்லை என்று ஐயா கேட்டார். ஓடியது நான்கைந்து ஆம்பியர்தான், பத்து ஆம்பியர் பியூஸ் அதற்குப் போகாது என்று சொன்னேன்.

ஒன்பதாம் தேதி முதலாளி எங்கள் கடைக்கு வந்தார். "பெட்டியத் துணி மேல கவுத்து வச்சிட்டு அந்தம்மா போயிருச்சுன்னு புகார் குடுத்திருக்கேன். ஒயர்லாம் நல்லாத்தான் இருந்துச்சுன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும். உங்க வீட்டுக்காரர் பேரும் அடிபடாது. உங்களுக்கும் அந்தம்மாவுக்கும்தான் ஆகாதே" என்றார். அவர் போன பிறகு நோட்டை என் கணவர் முன் வைத்தேன். அவர் கையிலிருந்த மின்விசிறியைக் கீழே வைத்துவிட்டுப் படித்தார்.

"அந்த ஜாயின்ட் நான் போட்டதா?"

"ஆமாங்க."

நோட்டை மூடி என்னிடம் நீட்டினார். "அப்ப அதையும் சேத்தே சொல்லிடு. நானும் வரேன்" என்றார்.

இன்று காலை இங்கே வரும் வழியில் ஓரகத்தியைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். தீப்பட்டு அவளுக்கு இரண்டு கையிலும் முழங்கை வரை கட்டு. "பெட்டிய நிமித்திதான் வச்சிருந்தேன். ஒருத்தரும் நம்ப மாட்டேங்கறாங்க" என்றாள்.

"கோளாறு மேல பாக்ஸ்ல. எனக்கு அன்னிக்கே தெரியும்" என்றேன்.

"தெரிஞ்சும் சொல்லாம போனீங்களாக்கா?"

பிறகு அவள் தண்ணீர் கேட்டாள். டம்ளரை நான்தான் பிடித்துக் கொடுத்தேன். முழுவதும் குடித்தாள்.

எழுத்தர் இதை எனக்கு வாசித்துக் காட்டினார். ஓரிடத்தில் வோல்ட் என்பதற்கு வாட் என்று இருந்தது; திருத்தச் சொல்லிப் பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டேன். கணவரைப் பற்றிய வரியை அடித்துவிடலாமா என்று கேட்டார். வேண்டாம், அவர் வெளியே பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறார், அடுத்து அவரும் சொல்வார் என்றேன். மற்றதெல்லாம் நான் சொன்னபடியே இருக்கிறது. யாரும் மிரட்டியோ ஆசைகாட்டியோ நான் இதைச் சொல்லவில்லை. அத்தனையும் உண்மை.

(கையொப்பம்)