இளைப்பாறிய கடற்படையினர் தவறணை

நல்ல வெங்காய சூப் வைப்பதற்கு அவசரப்படக் கூடாது. சுவிஸில், நொஷாட்டல் ஏரிக்கரையில் ‘இளைப்பாறிய கடற்படையினர்’ என்று பெயர்ப்பலகை தொங்கும், வைனும் சூப்பும் விற்கும் தவறணையின் குசினியில் நான் கற்றுக்கொண்ட முதல் பாடம் அதுதான். சிவகலா தங்கச்சி, இதையும் பொலிசாருக்கு மொழிபெயர்த்துச் சொல்லுங்கள். நான் அவசரக்காரன் இல்லை என்பது அவர்களுக்கு விளங்க வேண்டும்.

ஞாயிறு மத்தியானங்களில் அங்கே ஓய்வுபெற்ற கிழவர்கள் கூடுவார்கள். வெள்ளைத் தொப்பி போட்டுக்கொண்டு ஒவ்வொருவராக எழுந்து கடற்கதை சொல்வார்கள். மற்றவர்கள் கை தட்டுவார்கள். என்னுடைய பிரெஞ்சு குசினியைத் தாண்டாது. ஆனாலும் படகு, சுடுவது, பிள்ளைகள் என்ற சொற்களை எங்கே கேட்டாலும் எனக்குத் தெரியும். அகதி விசாரணையில் அவற்றைத்தானே திரும்பத் திரும்பக் கேட்டார்கள்.

மன்னாரிலிருந்து படகேறிய அன்று, வெளிச்சம் அடித்து எங்களைச் சுட்ட கடற்படைக்காரரின் முகங்களை நான் பார்க்கவில்லை. வெள்ளைத் தொப்பிகள் மட்டும் தெரிந்தன. என் மகள் சுஜானி மடியிலேயே போய்விட்டாள். அந்தத் துக்கம் எனக்கு ஆறவேயில்லை.

போன ஞாயிறு மர்செல் ஐயா எழுந்தார். படகு என்றார், சுட்டேன் என்றார், பிள்ளைகள் என்றார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அவருக்குக் கால் ஏலாது. வழக்கம்போல நான்தான் கைத்தாங்கலாக வீட்டுக்குக் கூட்டிப்போனேன். ஏரியில் பனிப்புகார் மூடியிருந்தது. இறங்குதுறையில் வைத்து அவரைத் தண்ணீருக்குள் தள்ளினேன். பலகையைப் பிடித்துக்கொண்டார். வலையில் மீன் கழற்றுவதுபோல அவருடைய விரல்களை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். பிறகு வந்து சூப் சட்டியைக் கழுவி வைத்தேன்.

சற்று முன்னர் நீங்கள் எனக்குச் சொன்னீர்கள்.

“இராயப்பு அண்ணை, அது பொய் சொல்லுற போட்டி. கடலில்லாத இந்த நாட்டில ஞாயிறுகளில அவைக்கு அதுதான் விளையாட்டு. பீரங்கியில சீஸ் வைச்சுச் சுட்டவராம், படகில இருந்த பிள்ளையள் வாயைத் திறந்து பிடிச்சவையாம். அந்த மனிசன் ஏரிக் கப்பலில ஏறுற ஆக்களுக்கு ரிக்கற் கிழிச்சவர். கடலையே கண்டதில்லையாம். தவறணை முதலாளியம்மா அழுதழுது சொல்லுறா. உங்களுக்கு விளங்குதோ?”

ஓம் தங்கச்சி, விளங்குது. பாவம் மனிசன்.

ஆனால் வாக்குமூலத்தில் ரிக்கற் கிழித்தவர் என்று எழுத விடாதீர்கள். நான் கொன்றது ஒரு கடற்படைக்காரனை. தொப்பி போட்டிருந்தார், நானே பார்த்தேன். அப்படியே எழுதச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் சுஜானிக்கு நான் என்ன சொல்வது?