காப்பிக் கலர், கறுப்பு, சிவப்பு

காளவாசலில் பஸ் ஏறிய கணவனும் மனைவியும் எனக்கு முன்சீட்டில் உட்கார்ந்தார்கள். இருவருக்கும் முப்பதைத் தாண்டிய வயது. அவள் பையிலிருந்து புதுச்சேலையை எடுத்து மடியில் விரித்தாள்.

“இந்தச் செவப்பு உனக்கு நல்லாருக்கும்,” என்றார் அவர்.

“இது காப்பிக் கலர். உங்களுக்குச் செவப்பு தெரியாதுன்னு கல்யாணத்துக்கு அப்புறந்தான எனக்கே தெரிஞ்சுச்சு.”

நான் பேப்பரை மடித்து வைத்துவிட்டேன்.

“பாலிடெக்னிக்ல சொல்லியிருந்தா வெளிய அனுப்பிருவாங்கன்னு பயம்,” என்றார்.

“ரேடியோ கிட் மாட்டுறப்ப ஒவ்வொரு ரெசிஸ்டரா எங்கிட்டத்தான கொண்டு வருவீங்க. நானும் அதுமேல இருக்குற கலர்க் கோட்டைப் பாத்து, காப்பிக் கலர், கறுப்பு, செவப்பு, அப்ப ஆயிரம் ஓம்னு கோடு கோடா வாசிச்சுச் சொல்லுவேன். எங்கூடப் பேசத்தான் இம்புட்டும் கேக்குறாருன்னு நெனச்சு, வீட்டுல சண்டை போட்டு உங்களைக் கட்டிக்கிட்டேன். கடைசில பாத்தா, கண்ணுக்குத் தெரியாமக் கேட்டிருக்கீங்க.”

பரவை மார்க்கெட் தாண்டியதும் அவர் அவள் பக்கம் திரும்பினார்.

“கண்ணுக்குத் தெரியலைங்கிறது நெசந்தான். ஆனா எம் பையில மீட்டர் இருந்துச்சு. ரெண்டு முனையிலயும் வச்சா முள்ளே எத்தனை ஓம்னு காட்டிரும். கலரே பாக்க வேணாம்.”

“அது எப்ப வாங்குனது?”

“பாலிடெக்னிக் சேந்த மொத வருசமே.”

அவள் சேலையை மெதுவாக மடித்துப் பைக்குள் வைத்தாள். சமயநல்லூரில் இறங்க எழுந்தபோது சொன்னாள்.

“சரி, இந்தச் சேலை செவப்பாவே இருக்கட்டும்.”