கிளட்ச் நழுவிய இடம்

உச்சி வெயில் நேரம். உடையார்பாளையத்தைத் தாண்டி முந்திரிக்காட்டுக்குள் போகும் குறுக்குச் சாலை. இரண்டு பக்கமும் காய்ந்த சருகு... ஒரு ஆடுகூட இல்லை.

நீங்களோ இருட்டுக்குப் பயந்து ஒருவர்மேல் ஒருவர் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். இது பட்டப்பகலில் நடந்தது. என் நண்பன் பாலாஜியின் அக்கா கணவர் கலைச்செல்வனுக்கு நடந்தது.

அந்த ஆளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெரம்பலூரில் உரக்கடை. தன்னைத் தவிர உலகத்தில் எவனுக்கும் எதுவும் தெரியாது என்ற நினைப்பு. மாமியார் வீட்டு வாசலில் நிறுத்திப் பெருமையடிப்பதற்காகவே அறுபது வருஷத்துப் பழைய கறுப்புக் கார் ஒன்றை வாங்கினார். வாங்கிய வாரமே கிளட்ச் நழுவியது. ஆக்சிலேட்டரை மிதித்தால் இன்ஜின் அலறும்... வண்டி நகராது.

மெக்கானிக் சாமிக்கண்ணு கியர்பாக்ஸை இறக்கிப் பார்த்தார். இன்ஜினின் பின்பக்க சீல் வழியாக ஆயில் கசிந்து கிளட்ச் பிளேட்டை நனைத்திருந்தது. சீலை மாற்றி, படிந்திருந்த ஆயிலை பெட்ரோல் விட்டுத் துடைத்து, புதுப் பிளேட் போட்டு மாட்டினார். கலைச்செல்வன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வேலை முடியும்வரை அவரைத் திட்டிக்கொண்டே இருந்தார்.

மறுநாள் பாலாஜியின் அக்கா ஜெயசித்ராவை ஏற்றிக்கொண்டு கங்கைகொண்ட சோழபுரத்து மாமியார் வீட்டுக்குக் கிளம்பினார். அக்காவுக்குப் பின் சீட்தான். முன் சீட்டுக்குப் புது உறை போட்டிருந்தார், அது அழுக்காகிவிடுமாம்.

அரியலூர் தாண்டியும் வண்டி அருமையாக ஓடியது. முந்திரிக்காட்டுக்குள் நுழைந்ததும்... விர்ர்ர்ரென்று ஒரு அலறல். பிளேட் தீய்ந்த நாற்றம். கார் நின்றுவிட்டது.

சாமிக்கண்ணுவைப் போனில் பிடித்தார். "என்னய்யா வேல பாத்திருக்க? நீயெல்லாம் மாட்டு வண்டிக்கு மை போடத்தான் லாயக்கு."

"நல்லா தொடச்சுத்தான் சார் மாட்டுனேன். அடியில ஆயில் ஒழுவுதான்னு பாருங்க."

சாலையில் மல்லாந்து காருக்கு அடியில் தலையை நுழைத்தார். ஒரு சொட்டு ஆயில் இல்லை. காய்ந்து கிடந்தது. அப்போதுதான் பார்த்தார்... பின் டயர் ஓரம் இரண்டு கால்கள். செருப்பில்லாத பெண் கால்கள். குதிகாலைத் தரையில் ஊன்றி, வண்டியைப் பிடித்து இழுப்பவள் நிற்பதுபோல.

"யாருடி ஒன்ன எறங்கச் சொன்னது? ஏறி உக்காரு."

தலைக்கு மேலே, காருக்குள்ளிருந்து அக்காவின் குரல் வந்தது. "நான் எங்கங்க எறங்குனேன்?"

வெளியே வந்து பார்த்தார். யாரும் இல்லை. முந்திரி பொறுக்க வந்த திருட்டுக் கழுதையாக இருக்கும் என்று முனகினார். அப்போதாவது அந்த வாய் அடங்கியிருக்கலாம். அடங்கவில்லை. அக்காவை இறங்கித் தள்ளச் சொன்னார்.

"நல்லா தள்ளு. திங்கறது மட்டும் வக்கணையா திங்கறல்ல."

செருப்பு தார் ரோட்டில் ஒட்ட ஒட்ட அக்கா தள்ளினாள். கிளட்ச் வெடுக்கென்று பிடித்தது. நிறுத்தினால் மறுபடி நழுவும் என்று அவர் நிறுத்தவில்லை. கொஞ்ச தூரம் போனதும் பின் கதவு திறந்து மூடும் சத்தம்... டப். கண்ணாடியில் பார்த்தார். பின் சீட்டில் ஒருத்தி தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். ஓடுகிற காரை அக்கா ஓடிவந்து பிடித்து ஏறிக்கொண்டாள் என்று நினைத்தார். அவர் அறிவு அவ்வளவுதான்.

வழியெல்லாம் பேசினார். சாமிக்கண்ணுவைத் திட்டினார், அக்காவைத் திட்டினார், அக்காவைப் பெற்றவர்களைத் திட்டினார். பின்னால் இருந்து ஒரு சத்தம் இல்லை. ஈரத்துணி மட்கின வாடை மட்டும் வந்துகொண்டிருந்தது.

ஜெயங்கொண்டம் தாண்டியதும் போன் அடித்தது. எடுத்தார். அக்கா பேசினாள்.

"ஏங்க... எத்தன வாட்டி அடிக்கிறது, இப்பதான் லைன் கெடச்சுது. என்ன நடுக்காட்டுல விட்டுட்டு போயிட்டீங்களே."

அவர் மெல்லக் கண்ணாடியைப் பார்த்தார். பின் சீட் காலியாக இருந்தது.

அக்காவுக்கு ஒன்றும் ஆகவில்லை. மினி பஸ் பிடித்து, பொழுது சாய்வதற்குள் அம்மா வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். இன்னும் அங்கேதான் இருக்கிறாள். அந்த ஆளோடு திரும்பிப் போகவில்லை. நல்ல காரியம்.

திரும்பிப் போய் அவளை ஏற்றிக்கொண்டு வரும் தைரியம் கலைச்செல்வனுக்கு இல்லை. நேராக மாமியார் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. வண்டியை விட்டு இறங்கவில்லை.

மாமியார் ஜெகதாம்பாள் இரண்டு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தார். "வாங்க மாப்ள" என்று ஒன்றை அவரிடம் கொடுத்தார். இன்னொன்றைப் பின் ஜன்னல் வழியாக உள்ளே நீட்டினார்.

"நீ யாரும்மா? எம் மவ எங்க?"

கேட்டுவிட்டுக் கையை வெளியே எடுத்தார்.

கையில் டம்ளர் இல்லை.