வீட்டுக்காரியோடு பொலிசுக்குப் போன மகன்

பம்பலப்பிட்டியில் ஏறிய இரண்டு பெண்கள் எனக்கு முன் இருக்கையில் இருந்தார்கள். பேருந்தில் நின்றவர்கள் பத்தொன்பது பேர். அத்தனை பேருக்கும் கேட்கத்தான் கதைத்தார்கள்.

"மகன் நல்ல பிள்ளையா நடந்ததாலதான் இப்ப அறை பறிபோகப்போகுது," என்றார் மூத்தவர்.

"பிரான்சிலயோ அக்கா?"

"படிக்கிறது பிரான்சில. மூண்டு மாசத்துக்கு ஜெர்மனிக்கு அனுப்பியிருக்கினம். அதுக்குப் புது விசா தேவையில்லையாம். விலாசத்தை மட்டும் நகரசபையில பதியவேணுமாம்."

"பதியாம விட்டிட்டானோ?"

"பொலிசில பதியப் போயிட்டான். போன அண்டைக்கே, அறையை வாடகைக்குக் குடுத்த வீட்டுக்கார மனிசியையும் இழுத்துக்கொண்டு."

"ஐயோ! அங்க ஆர் பொலிசில பதியிறது?"

"வெள்ளவத்தையில வளர்ந்த பிள்ளை. கொழும்பில தமிழாக்கள் புது வீட்டுக்குப் போனா, வீட்டுக்காரரோட போய் முதல் பொலிசிலதானே பதியிறது. நானும் போனில அதைத்தான் சொன்னனான்."

சோதனைச் சாவடியில் எல்லோரும் அடையாள அட்டையை நீட்டினோம். சிப்பாய் இறங்கியதும் கதை தொடர்ந்தது.

"பொலிஸ் என்ன சொன்னவங்கள்?"

"சிரிச்சுப்போட்டு அனுப்பிட்டாங்கள். மனிசிதான் பயந்துபோச்சு. ஏதோ கேஸ்காரப் பெடியன் எண்டு நினைச்சு, வெளிக்கிடு எண்டுதாம். அறை இல்லாட்டி விலாசம் இல்லை. விலாசம் இல்லாட்டி அங்க இருக்கேலாது."

"இனி என்ன செய்யப்போறியள்?"

"இஞ்சத்தைப் பொலிசில, பெடியனில ஒரு கேஸும் இல்லையெண்டு கடிதம் எடுத்து மனிசிக்கு ஃபக்ஸ் அடிக்கப்போறன்."

"விசரே அக்கா உங்களுக்கு? பொலிஸ் முத்திரையைக் கண்டா மனிசி வீட்டையும் விட்டிட்டெல்லோ ஓடும்!"

மூத்தவர் அதற்குள் பொலிஸ் நிலையத்தடியில் இறங்க மணியை அடித்துவிட்டார்.