பட்டாணி அளவு பேஸ்ட்

“கம்ப்யூட்டர் மூளைக்குக் களிம்பு தடவணுமாக்கா?”

தொண்டி பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இருந்த தம்பி கேட்டான். போட்டில் மீன்பிடிக்கப் போகிறவன். பக்கத்தில் இருந்த அவன் அக்காவின் மடியில், அவளே சேர்த்துப் பூட்டப்போகும் முதல் கம்ப்யூட்டரின் சாமான்கள்.

“தடவுனாத்தான் அதோட சூடு மேல இருக்கிற ஃபேனுக்கு ஏறும். இல்லாட்டி கொதிச்சு நின்னுரும்.”

“எங்க இன்ஜின் கிரீஸ் தாரேன், அள்ளி அப்பு.”

“ஏலே, பட்டாணி அளவுதான் வைக்கணும். கடைக்காரர் தண்ணியா ஓடுற உலோகத்துல ஒண்ணு காட்டுனாரு, இன்னும் நல்லாக் குளிருமாம். ஆனா கை நடுங்கி ஒரு சொட்டு வழிஞ்சா அதுல கரண்டு பாஞ்சு போர்டே கருகிரும். எனக்கு இதான் மொதத் தடவை. அதான் சாதா பேஸ்ட்டே போதும்னுட்டேன்.”

அவன் அந்தச் சின்ன டியூபை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“இத்துனூண்டா இம்புட்டையும் காப்பாத்துது?”

“ஆமாலே.”

“நீ வைக்கும்போது கூப்பிடுக்கா. மூச்சு விடாம நின்னு பாக்குறேன்.”