பின்கட்டுக்குத் தனி மின்சாரம்

காபியில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல், அம்மா. பரவாயில்லை, குடித்துவிட்டேன். போலீஸ் ஸ்டேஷனில் இவ்வளவு நல்ல டிகாஷன் கிடைக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. இன்ஸ்பெக்டர் சுடர்விழி என்று வெளியே பலகையில் பார்த்தேன், அழகான பெயர். நீங்கள் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்கிறேன், நிதானமாக எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

என் பெயர் சொக்கநாதன். இறந்துபோன லக்ஷ்மணன் எனக்கு ஒரே தம்பி. திருமயத்துக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டை நீங்களே வந்து பார்த்தீர்கள். இந்தத் தெருவில் வாசல் என்றால் அடுத்த தெருவில் பின்வாசல்.

எங்களவர்களில் மகனுக்குக் கல்யாணம் ஆனதும் வேறு வைப்பது வழக்கம். ஒரே கூரைதான், ஆனால் அவனுக்குத் தனி அறை, தனி அடுப்பு, தனி அரிசி பருப்பு. சண்டை போட்டுப் பிரிப்பதில்லை. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு அல்லவா? எங்கள் தகப்பனார், அப்பச்சி, எனக்கு முன்கட்டையும் அவனுக்குப் பின்கட்டையும் கொடுத்தார். அவன் அடுப்பை நான் தொட்டதில்லை. அவனும்தான் தொட்டதில்லை, கல்யாணமான கையோடு உமாவைக் கூட்டிக்கொண்டு சென்னைக்குப் போய்விட்டான். வீட்டைப் பார்த்துக்கொள்ள யாராவது வேண்டுமே. நான் இருந்தேன். என் மனைவி தனலட்சுமி காலமான பிறகும் நான் ஒருவனாகவே இருந்தேன்.

சில வருஷங்களுக்கு முன் யாரோ சுவரேறிக் குதித்தான் என்று, திருச்சியிலிருந்து சிவபிரகாஷ் என்ற பொறியாளரைத் தம்பி அழைத்து வந்தான். விளக்கு, கேமரா, மோட்டார், கதவுப் பூட்டு எல்லாம் போன் வழியாக இயங்க அவர் ஏற்பாடு செய்தார். அத்தனைக்கும் மின்சாரம் கொடுக்க முகப்பில் ஒரே பெட்டி. இதெல்லாம் வருவதற்கு முன்னால் வாசலைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகினால் என் கடமை தீர்ந்தது. வந்த பிறகு இலுப்பூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய் இலை முன்னால் உட்கார்ந்தாலும் போன் கத்தும். உடனே சென்னையிலிருந்து அவன் கூப்பிடுவான். "அண்ணே, வளவு முத்தத்துல என்னமோ அசையுதாம். போயி என்னன்னு பாருங்களேன்." பூனையாக இருக்கும். பாதிப் பந்தியில் எழுந்து வருவேன். வீட்டுக்கு நான் காவலா, எனக்கு வீடு காவலா என்று புரியாமல் போயிற்று.

பின்கட்டிலும் அறை அறையாக இதையெல்லாம் அவன் சேர்த்துக்கொண்டே போனான். முகப்புப் பெட்டியால் தாங்க முடியவில்லை. அவ்வளவு தூரம் ஒயரில் போவதற்குள் மின்சாரம் சோர்ந்துவிடும். பூட்டுகள் அரைகுறையாகத் திறந்து நிற்கும்.

"இன்னும் பெரிய பெட்டி வேணாங்க," என்றார் சிவபிரகாஷ். "பின்கட்டுக்குத் தனியா ஒரு சின்னப் பெட்டி, அதுக்குன்னு ஒரு பேட்டரி. இங்கிட்டு நின்னாலும் அங்கிட்டு ஓடும். நாளைக்கு இன்னும் சேத்தாலும் அங்கங்க ஒண்ணு வச்சுக்கலாம்."

"அப்ப கரண்டையும் வேற வச்சாச்சுண்ணே!" என்று லக்ஷ்மணன் சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்தது. நல்ல பிள்ளைதான் அவன், கொஞ்சம் வாய்க்கொழுப்பு.

பின்கட்டின் கோடியில் இருப்பது பெட்டக அறை. சன்னல் கிடையாது. சுவர் ஒரு முழத்துக்கு மேல் இருக்கும், உள்ளே போனால் போன் எடுக்காது. மற்ற கதவுகள் மின்சாரம் நின்றால் திறந்துகொள்ளும். இது மட்டும் பூட்டியபடியே நிற்கட்டும், இல்லாவிட்டால் திருடன் மின்சாரத்தை நிறுத்திவிட்டு நேரே உள்ளே போய்விடுவான் என்று நான்தான் சொன்னேன். சிவபிரகாஷ் ஒப்புக்கொண்டார். ஆனால் உள்ளே மாட்டிக்கொள்பவர் கையால் திறக்க ஒரு திருகு வைத்தே ஆகவேண்டும், அதற்குக் கதவில் துளை போடவேண்டும் என்றார். தடுத்தது என் தம்பி. "பர்மா தேக்குங்க. அதுல ஓட்டை கீட்டை போட்றாதீக," என்றான். ஆகவே உள்சுவரில் திறப்பதற்கு ஒரு பொத்தான் மட்டும் வைத்தார்கள். அதுவும் பின்கட்டுப் பெட்டியிலிருந்து ஓடுவது. அவனுக்குக் கதவின் மேல் ஏன் அவ்வளவு அக்கறை என்று அன்று எனக்கு விளங்கவில்லை. ஓட்டை போட்ட பழைய கதவைக் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் யாரும் நல்ல விலைக்குக் கேட்கமாட்டார்கள்.

இந்தச் சித்திரையில்தான் விளங்கியது. பின்கட்டைப் பிரித்து விற்கப்போவதாகப் போனில் சொன்னான். தூண், உத்தரம், கதவு, நிலை எல்லாம். "ஒங்க முன்கட்டுல ஒரு ஆணியைக்கூட அசைக்கமாட்டோம்ணே," என்றான். முன்கட்டு உத்தரமும் பின்கட்டு உத்தரமும் ஒரே சுவரில் உட்கார்ந்திருக்கின்றன. அதைப் பிரித்தால் இது எப்படி நிற்கும்? நான் எங்கே போவேன் என்று கேட்டேன். "இங்கிட்டு வந்துருங்க. மாடியில ஒரு ரூம் சும்மாதான் கெடக்கு." என் வயதெல்லாம் அந்த வீட்டைக் காத்ததற்கு மாடியில் ஒரு ரூம். எனக்கு வயிறு எரிந்தது, அம்மா. அதை மறைக்க விரும்பவில்லை.

அளவெடுக்க வருகிறேன் என்றான். வரச்சொன்னேன். வீடு கூட்டும் மூக்காயியைக் கட்டுமாவடியில் மகள் வீட்டுக்கு அனுப்பிவைத்தேன். பேரப்பிள்ளையைப் பார்க்கவேண்டும் என்று அவளும் பாவம், ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

காலையில் முன்கட்டில் என்னோடுதான் சாப்பிட்டான். இட்லியும் கத்தரிக்காய்க் கோசுமல்லியும். கை கழுவிவிட்டு அளவு நாடாவோடு பெட்டக அறைக்குள் போனான். அந்தக் கதவு தானாகச் சாத்திக்கொள்ளும், சாத்தினால் தாழ் விழும். நான் பின்கட்டுப் பெட்டியைத் திறந்து பேட்டரி ஒயரைக் கழற்றினேன். பிறகு சுவிட்சை இறக்கினேன். கழற்றிய முனைகளில் இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்ததைப் பார்த்து நீங்கள் முகம் சுளித்தீர்கள். சும்மா விட்டால் தீப்பொறி வரும், அம்மா. உள்ளே ஆள் இருக்கும்போது தீப்பிடித்துத் தொலைத்தால் என்ன ஆவது?

"அண்ணே, கரண்டு போயிருச்சு போல. என்னன்னு பாருங்க," என்றுதான் முதலில் கூப்பிட்டான். பிறகு தட்டினான், திட்டினான், அழுதான். வெயில் காலம், அந்த அறை புழுங்கும். ஒரு கட்டத்தில், "விக்கலைண்ணே. ஆத்தா மேல சத்தியமா விக்கலை. பின்கட்டும் ஒங்களுக்கே," என்றான். நான் எழுந்து சுவிட்சு வரைக்கும் போனேன். விரலையும் வைத்தேன். பூட்டிய அறைக்குள் செய்த சத்தியம் வெளியே வந்தால் நிற்குமா என்று யோசித்தேன். திரும்பி வந்துவிட்டேன்.

மறுநாள் உமா கூப்பிட்டாள். "அவுக போனே எடுக்கமாட்டேங்குறாக. அங்க வந்தாகளா?" என்று கேட்டாள். "வந்தான்மா, அளந்தான், போயிட்டான்," என்றேன். முதல் இரண்டும் உண்மைதான்.

அவள் கெட்டிக்காரி. சென்னையில் இருந்தபடியே போனில் வீட்டைப் பார்த்திருக்கிறாள். முன்கட்டில் எல்லாம் ஓடுகிறது. பின்கட்டு மட்டும் செத்துக் கிடக்கிறது. ஊரில் மின்வெட்டு என்றால் பின்கட்டுப் பேட்டரியாவது ஓடவேண்டுமே. சிவபிரகாஷிடம் கேட்டிருக்கிறாள். யாரோ கையால் நிறுத்தினால் ஒழிய அப்படி ஆகாது என்று அவர் சொன்னதும் உங்களிடம் வந்துவிட்டாள். தனித்தனியாக வைப்பதில் இது ஒரு குறை. எது நின்றது என்று பளிச்சென்று தெரிந்துவிடும். ஆனால் நீங்கள் வந்து திறப்பதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

என் தம்பியைக் கொன்றது நான்தான். எங்கே கையெழுத்துப் போடவேண்டுமோ போடுகிறேன். ஆனால் உங்கள் ஏட்டையா "தனியாக அடைத்துச் சாகவிட்டு" என்று எழுதியிருக்கிறார். அதை அடிக்கச் சொல்லுங்கள். அன்று காலையிலேயே ஒரு நாற்காலியை எடுத்துக் கதவோரம் போட்டுக்கொண்டேன். வயிற்றுக்கு ஏதாவது போட எழுந்ததோடு சரி. நான் பதில் பேசவில்லை, வாஸ்தவம். பேசினால் பிழைத்துவிடுவோம் என்று அவனுக்கு ஆசை வந்துவிடும், அது பாவம். அவனாகவே பேசினான். ஊருணியில் என் தோளைப் பிடித்துக்கொண்டு நீச்சல் கற்றது, அப்பச்சியிடம் அவனுக்காக நான் அடி வாங்கியது, எனக்கே மறந்துபோனதையெல்லாம் சொன்னான். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். கல்யாணமானதிலிருந்து சேர்ந்தாற்போல் இரண்டு நாள் அவன் அந்த வீட்டில் தங்கியதில்லை. என்னிடம் அவ்வளவு நேரம் பேசியதும் இல்லை. குரல் நின்ற பிறகும் எழுந்து போக எனக்கு மனம் வரவில்லை. என் தம்பியைக் கடைசிவரை நான் தனியாக விடவில்லை என்று எழுதுங்கள், அம்மா.