ஆறிப்போன ரசம்

திண்டிவனத்தில் விழுப்புரம் பஸ் ஏறிய அக்காவும் தம்பியும் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்தார்கள்.

"அப்பா ஆண்டவர்கிட்ட போனப்புறந்தான் ரசத்தைச் சூடா சாப்பிடறேன்க்கா," என்றார் தம்பி. அவருக்கே அறுபது இருக்கும்.

அக்கா சிரித்தார். "பின்ன? தொண்ணூத்திரெண்டு வயசுலயும் தட்டுக்கு முன்னாடி உக்காந்துக்கினு, கொள்ளுப்பேரன் வரைக்கும் ஒவ்வொரு பேரா சொல்லி ஜெபம் பண்ணா ஆறாதா?"

"அம்மா இப்ப உன் வீட்லதானே, அங்க யாரு ஜெபம் பண்றது?"

"நான்தான். நேத்து பழக்க தோஷத்துல, 'அப்பாவுக்கு நல்ல சுகம் தாரும் ஆண்டவரே'ன்னுட்டேன்டா."

"ஐயய்யோ! செத்தவங்களுக்கு ஜெபம் பண்றது நம்ம சர்ச்சுல கிடையாதே. அம்மா திட்டலையா?"

"அம்மாதான்டா எல்லாருக்கும் முன்னாடி சத்தமா ஆமென் சொன்னாங்க."